எலி வளையோடு வரப்புப் புதரையும் கவனியுங்கள்

சம்பா நெல் கதிர்விடும் நேரத்தில் வரப்பில் எலி வளையைப் பார்த்தால், எத்தனை மூட்டை குறையும் என்றுதான் கணக்குப் போடுகிறோம். எலி ஒழிப்புப் பயிற்சிகளிலும் பேச்சு பெரும்பாலும் மகசூல் இழப்போடு முடிந்துவிடுகிறது. அந்த வளையைச் சுற்றி உழைப்பவர்களின் உடல்நலமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

வரப்பெலி, வெள்ளெலி, மூஞ்சூறு ஆகியவற்றின் காதுக்குள் ஆரஞ்சு நிறப் பொடிபோலச் சில நேரம் கூட்டமாக ஒட்டியிருப்பவை இளம் உண்ணிகள். இவை மாட்டு உண்ணி அல்ல. செடிகளைத் தாக்கும் செஞ்சிலந்திப்பேனின் தூரத்து உறவு. நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். இளம் பருவத்தில் ஒரே ஒரு முறை விலங்கின் தோலில் ஒட்டி, திசுச்சாற்றை உண்டு மண்ணில் விழுந்துவிடும். வளர்ந்த உண்ணி மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், யாரையும் கடிக்காது.

அந்த ஒரு வேளை உணவுக்காக இளம் உண்ணி புல்லில் காத்திருக்கும்போது, எலிக்குப் பதில் உங்கள் கால் உரசினால் உங்கள் மேல் ஏறிக்கொள்ளும். அதன் உடலில் நோய்க்கிருமி இருந்தால் வருவதுதான் 'ஸ்க்ரப் டைபஸ்' என்னும் உண்ணிக் காய்ச்சல். இது எலிக்காய்ச்சல் அல்ல. இரண்டும் வேறு வேறு நோய்கள். தமிழகத்தில் மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் இது அதிகம் காணப்படுகிறது.

எலியைக் கொன்றால் மட்டும் போதுமா? போதாது. கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்குச் செல்கிறது. எலி இல்லாவிட்டாலும் மண்ணில் இருக்கும் இளம் உண்ணிகள் அடுத்து வரும் உடலைத் தேடும். எனவே, கிட்டி வைப்பதற்கும் நச்சுணவு இடுவதற்கும் முன்பாக வரப்பு, வாய்க்கால் கரை, வீட்டோரப் புதர்களை வெட்டி அகற்றுங்கள். வெயில் பட்டு நிலம் உலர்ந்தால் உண்ணி பெருகாது. வரப்பைச் சிறிதாக வைத்தால் எலி வளை தோண்டவும் இடமிருக்காது.

புதர் வெட்டும்போதும் களை எடுக்கும்போதும் கை, கால்களை மூடும் உடை அணியுங்கள். புல்தரையில் படுக்காதீர்கள், கழற்றிய துணியை அதன்மேல் போடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடையை மாற்றுங்கள்.

கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி வரலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதியில் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கரும்புண் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்கும் அது இருக்காது. புண் இல்லை என்றாலும் மருத்துவரிடம் "வயலில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவை இதைக் குணப்படுத்தும் மருந்துகள். மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். பென்சிலின் வகை மருந்துகள் இதற்குப் பலன் தராது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த எலி ஒழிப்பு முகாமில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒருவரை அழைத்தால் இன்னும் நல்லது. வரப்பில் இறங்குபவர் நலமாகத் திரும்பினால்தான் காப்பாற்றிய நெல்லுக்கும் பயன் உண்டு.