அளப்பதும் ஆராய்ச்சியே

"புதிதாகக் கண்டுபிடிப்பவனே விஞ்ஞானி; பிறர் கண்டதை மேலும் நுட்பமாக அளப்பவன் வெறும் கணக்கப்பிள்ளை" என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. பௌதிகம் பயிலும் தோழர்களும் இதற்கு விலக்கல்லர். இது தவறென்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை.

நம் புனே பல்கலைக்கழக வளாகத்திலேயே உள்ள 'அயூகா' வானியல் மையத்தில், பேராசிரியர் சுபதீப் டே குழுவினர் ஒற்றை இட்டெர்பியம் அயனியைக் கொண்டு ஒளிக்கடிகாரம் அமைக்கும் பணியை மேற்கொண்டுள்ளனர். அயனியைக் குளிர்விக்க 369 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சவேண்டும். அவ்வொளியை ஏற்றுக் கிளர்ந்த அயனி ஏறத்தாழ 8 நானோவினாடியில் கீழிறங்கிவிடும். எங்கே இறங்கும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்பும். 200 முறைக்கு ஒருமுறை இடையிலுள்ள வேறொரு மட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இருநூறில் ஒன்றுதானே என்று விட்டுவிடலாமா? வினாடிக்குக் கோடிக்கணக்கில் ஏறி இறங்கக்கூடிய அயனிக்கு அந்த விபத்து கண்ணிமைக்குமுன் நேர்ந்துவிடும்! சிக்கிய அயனி ஒளிராது, குளிரவும் செய்யாது. அதை மீட்க 935 நானோமீட்டரில் இன்னொரு லேசர் வேண்டும். இந்த விகிதத்தை 0.00501 என்று நுட்பமாக அளந்து 2007இல் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர்.

கடிகாரத்துக்குப் பயன்படும் மட்டங்களுள் ஒன்றோ பொறுமையின் சிகரம். அதன் ஆயுள் பத்தாண்டளவு என்று 1997இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் அளந்து 2021இல் வெளியிட்ட விடை 1.58 ஆண்டு! பத்தெங்கே, ஒன்றரையெங்கே?

இதனால் யாருக்கு என்ன என்பீராயின், சூரியனைப் பாருங்கள். அதன் நிறமாலையிலுள்ள இரும்புக் கோடுகளிலிருந்து இரும்பின் அளவைக் கணிக்க, இரும்பணு எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டத்துக்கு எவ்வளவு எளிதில் தாவும் என்ற எண் வேண்டும். அந்த எண்ணே பிழைபட்டிருந்தது. விண்கற்கள் காட்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இரும்புதான் சூரியனின் ஒளிக்கோளத்தில் உண்டென்று கணக்கு வர, வானியலார் குழம்பினர். 1969இல் ஜெர்மனியின் கீல் நகரத்து ஆய்வாளர் ஆய்வுக்கூடத்தில் மீண்டும் அளந்த பின்னரே குழப்பம் தீர்ந்தது. அட்டவணையின் பிழை அத்துணைக் காலமும் பாவம், சூரியன்மேல் சுமத்தப்பட்டிருந்தது!

திருச்சியில் பிறந்த இராமனின் 1928ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பை நினைவூட்டும் பிப்ரவரி 28ஐ ஒட்டி, அயூகா பொதுமக்களை வரவேற்பது வழக்கம். போகும் தோழர்கள் தொலைநோக்கியை மட்டும் பார்த்துத் திரும்பவேண்டாம். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவோர், "இன்னும் சரியாக அளக்கப்படாத விகிதம் எது?" என்று அங்கே கேட்டுப் பார்க்கட்டும்.