பத்து கிலோவும் பத்து கிராமும்

மணலிப் பக்கம் ராத்திரியில் போனவர்கள் அந்த நெருப்பைப் பார்த்திருப்பார்கள். உயரமான குழாயின் உச்சியில் ஒரு ஜுவாலை. "இவ்வளவு கேஸை வீணாக்கறாங்களே, நம்ம வீட்டுக்கு ஒரு லைன் குடுத்தா என்ன ஸார்?" என்று என்னைக் கேட்காதவர்கள் கம்மி. அது குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தம் எகிறினால் வாயுவை வெளியே விட்டாக வேண்டும். சும்மா விட்டால் ஆபத்து, அதனால் எரித்துவிடுகிறார்கள்.

இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் கம்பெனி மூன்றும் சேர்ந்து 1965-ல் ஆரம்பித்த கம்பெனி. 43 கோடி ரூபாய், 27 மாசம். 1969-ல் ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது. (இப்போது 27 மாசத்தில் எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை முடிந்தாலே பாயசம் வைப்போம்.) அப்போது வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய். இன்று சி.பி.சி.எல். என்ற பெயரில் 105 லட்சம் டன்.

அடிப்படை சமையல் மாறவில்லை. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குக் காய்ச்சி ஒரு கோபுரத்துக்குள் அனுப்பினால் லேசானது மேலே போகும், கனமானது கீழே தங்கும். உச்சியில் கேஸ், பெட்ரோல் சமாசாரம். நடுவில் கெரசின், டீசல். அடியில் கறுப்புக் குழம்பு.

மாறியது கந்தகக் கணக்கு. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு டன் டீசலில் பத்து கிலோ வரை கந்தகம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிப்படி அதே ஒரு டன்னில் பத்து கிராம்தான்! இதற்காக டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்து, பெரிய அழுத்தத்தில் வினையூக்கி மேல் ஓடவிட வேண்டும். கந்தகம் ஹைட்ரஜனோடு கைகோத்துக்கொண்டு வெளியேறும். பழைய ஆலைக்குள் இதையெல்லாம் நுழைப்பது, குடியிருக்கிற வீட்டிலேயே மாடி எடுத்துக் கட்டுகிற மாதிரி. அடுப்பையும் அணைக்க முடியாது.

மணலி தேறிவிட்டது. இதே கம்பெனி 1993-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய சின்ன ஆலை, அந்தத் தரத்தை எட்ட முடியாமல் 2019-ல் நின்றுபோனது. அக்கா ஓடுகிறாள், தங்கை படுத்துவிட்டாள். ஆக, ஆலைக்கு வயசு முக்கியமில்லை, வைத்தியம்தான் முக்கியம்.

ஆனால் வைத்தியம் குழாய்க்குள் மட்டும் போதுமா? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய். 'எங்கள் குழாய் எதிலும் கசிவில்லை' என்றது நிறுவனம். ஆலை வளாகத்திலிருந்துதான் மழைநீரோடு எண்ணெய் போயிருக்கிறது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது மீனவர்கள் படகில் உட்கார்ந்து பக்கெட்டாலும் மக்காலும் அந்த எண்ணெயை மொண்டுகொண்டிருந்தார்கள். கோடிக்கணக்கில் இயந்திரம் வைத்திருக்கிற தொழிலுக்கு, கடைசியில் கைகொடுத்தது பிளாஸ்டிக் மக்.

வலையும் படகும் கறுத்துப்போனவனுக்கு பி.எஸ்.6 பற்றி என்ன சொல்வீர்கள்? ஒரு டன்னில் பத்து கிராமைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, மழை நாளில் சொந்த வாய்க்காலில் என்ன போகிறது என்று பார்ப்பது அவ்வளவு கஷ்டமா என்ன?