எடுப்பதற்கும் ஓர் எல்லை

பொருள் தேடுவதைப் பாவமென்று நமது சாஸ்திரங்கள் ஒருகாலும் சொன்னதில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்று மனித வாழ்வின் பிரயோஜனங்களை நான்காக வகுத்த முன்னோர், பொருளுக்கு முன்னே அறத்தையும் கடைசியில் வீட்டையும் நிறுத்தியதன் தாத்பரியம், சம்பாத்தியத்துக்குத் தொடக்கத்தில் ஒரு விதியும் இறுதியில் ஒரு கதியும் வேண்டும் என்பதே. அவ்விரண்டையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள பொருளையும் இன்பத்தையும் மட்டும் முழு வாழ்வென்று கொண்டதுதான் நவீன லௌகிக நாகரிகத்தின் ஆதாரக் குறை. மற்ற குறைகளெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

இதை விளக்குவதற்கு மேல்நாட்டு உதாரணங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேது நாட்டை ஆண்ட விஜயரகுநாத சேதுபதியின் மருமகன், இராமேசுவரம் தீவின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர், இராமநாதரைத் தரிசிக்க வந்த யாத்ரீகர்களிடம் மன்னரின் கட்டளையை மீறித் தீர்வை வாங்கினாரென்றும், அதைச் சிவத்துரோகமாகக் கருதிய சேதுபதி உறவென்றும் பாராமல் அவருக்கு மரண தண்டனை விதித்தாரென்றும், அவரை மணந்திருந்த மன்னரின் பெண்மக்கள் இருவரும் உடன்கட்டை ஏறினரென்றும், அவ்விருவர் நினைவாகவே வழிப்போக்கர் தங்கும் மடங்கள் எழுந்தனவென்றும் இப்பகுதியில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தத் தண்டனையின் கடுமையையோ, அந்தப் பெண்களைத் தீக்கிரையாக்கிய வழக்கத்தையோ நாம் போற்றவில்லை. தர்மத்தின் பெயரால் நேர்ந்த அதர்மங்களை மறைப்பது தர்மத்துக்குச் செய்யும் தொண்டாகாது. ஆயினும், ஏழைப் பரதேசியும் கோடீசுவரனும் சமமாக நடக்கவேண்டிய வழியில் காசுக்காகத் தடை வைப்பது, கஜானா எவ்வளவு நிறைந்தாலும் குற்றமே என்ற எண்ணம் ஒரு ராஜ்யத்தின் மனத்தில் வேரூன்றியிருந்தது என்பதை இக்கதை காட்டுகிறது.

இன்று அந்த எண்ணம் எங்கே போயிற்று? இராமேசுவரம் செல்லும் சேது மார்க்கம் நெடுகிலும் சத்திரங்கள் கட்டி, வருவோருக்குச் சோறிட்டு, அதற்கென்று கிராமங்களை மானியமாக விட்ட ஒரு மரபின் வாரிசுகளாகிய நாம், தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கிறோம். தெய்வ சந்நிதியிலும் கட்டணத்துக்குத் தக்கபடி முன்னும் பின்னும் நிற்கிறோம். இராமேசுவரம் கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடிப் பாவம் போயிற்றென்று மகிழ்ந்து, உடுத்திய துணியை அக்கினி தீர்த்தக் கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்புகிறோம். லௌகிகம் பக்திக்கு எதிரணியில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது திருநீறும் குங்குமமும் தரித்து நம்மோடு வரிசையில் நிற்பதை நாம் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவர் இந்த மண்ணில்தான் வந்திறங்கினார். மேல்நாடுகளில் வேதாந்தத்தை எடுத்துரைத்துவிட்டு, இலங்கை வழியாகத் தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 26 அன்று, அக்காள்மடத்துக்கு அண்மையிலுள்ள குந்துகால் கரையில் இறங்கியபோது, பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார். மறுநாள் இராமேசுவரம் கோயிலில் பேசிய சுவாமிகள், தலத்தின் பெருமையை விரித்துரைத்துக் கேட்பவர்களைக் குளிர்விக்க முற்படவில்லை. ஏழையிடமும் மெலிந்தவனிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவபூஜை செய்கிறான் என்றும், விக்கிரகத்தில் மட்டும் காண்பவனுடைய வழிபாடு ஆரம்ப நிலையிலேயே நிற்கிறது என்றும் கருத்துப்பட எடுத்துச் சொன்னார். மேல்நாட்டுப் பொருட்பற்றைக் கண்டித்த அதே நாவு, பசித்தவனுக்கு வேதாந்தம் போதிப்பதையும் கண்டித்தது என்பதை நாம் மறத்தலாகாது. வறுமையைத் தவமென்று வர்ணிக்கும் ஆன்மிகம், செல்வனுடைய நிம்மதிக்காகச் செய்யப்பட்ட ஆன்மிகம். ஓலைக் குடிசைக்கு மின்விளக்கும், கர்ப்பிணிக்கு வைத்தியமும், மீனவனின் பிள்ளைக்குக் கல்வியும் வந்தது லௌகிகம் செய்த நன்மையே. அதை நன்றியோடு ஏற்றுக்கொள்வதில் தர்மத்துக்கு யாதொரு விரோதமும் இல்லை.

விரோதம் வேறிடத்தில் இருக்கிறது. எடுப்பவன் எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு லௌகிகத்திடம் விடையில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டியெடுத்தார்கள். அங்கிருந்த இருபத்தொரு தீவுகளில் இரண்டு இப்போது நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. விசைப்படகின் இழுவை மடி கடலடியைத் துடைத்தெடுக்கும்போது, விலைபோகும் மீனோடு விலைபோகாத குஞ்சும் பாசியும் சேர்ந்தே வருகின்றன. கணக்கேட்டில் முதலாவதற்கு மட்டும் ஒரு வரி உண்டு. ஆசைக்கு எல்லை கிடையாதென்று பாடிவைத்த தாயுமானவர் இராமநாதபுரம் லட்சுமிபுரத்தில்தான் சமாதி கொண்டிருக்கிறார். அவருடைய பாடலை மேடையில் உருக்கமாகச் சொல்லும் நாம், அது நம்மைக் குறித்த பாட்டென்று எண்ணுவதில்லை.

நிறுத்தத் தெரிந்தவர்களும் இராமேசுவரம் தீவில் இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். பாசி அற்றுப்போகாதிருக்கும் பொருட்டு மாதத்தில் பன்னிரண்டு நாள்களே இறங்குவதென்று அவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு, வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டு செய்த ஏற்பாடு என்பதைக் கருதும்போதுதான் அதன் மேன்மை விளங்கும். கையில் எடுக்க வலுவிருந்தும் பாசி வளரட்டும் என்று கரையில் இருந்துவிடும் அந்த நாள்களுக்கு, கீதையின் மூன்றாம் அத்தியாயம் யக்ஞம் என்று பெயர் சொல்லும். கொடுத்தவர்க்குத் திருப்பிக் கொடாமல் தான் மட்டும் அனுபவிப்பவனை அதே அத்தியாயம் கள்வன் என்கிறது.

ஈசாவாஸ்ய உபநிஷத்தின் முதல் மந்திரத்தில் ஹிந்து தர்மத்தின் சாரமெல்லாம் அடங்கியிருப்பதாக 1937ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் யாத்திரையில் காந்தியடிகள் ஊர் ஊராகச் சொல்லிவந்தார். யாவும் ஈசனுக்குரியவை, ஆகையால் துறந்து அனுபவி என்னும் அந்த உபதேசம் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கடைவீதியிலும் கடலிலும் இருந்துகொண்டே, கையிலுள்ளது தனக்கு மட்டும் உரியதன்று என்ற நினைவோடு அதை ஆளச் சொல்கிறது. அந்நினைவு வந்தவன் தீர்த்தக் கரையில் துணியைப் போடமாட்டான். குஞ்சு மீனை அள்ளிவரும் மடியை இறக்கமாட்டான். தரிசனத்துக்கு முன்வரிசை கேட்கமாட்டான். வராதவன் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் முழுகி எழுந்தாலும், நனைவது அவன் உடம்பு மட்டுமே.

எனவே நாகரிகத்தை நிந்தித்துப் பொழுது போக்குவதை விடுத்து, ஒவ்வொரு குடும்பமும், ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு தேவஸ்தானமும் தனக்கென்று 'இதற்குமேல் எடுப்பதில்லை' என்ற ஒரு வரையறையை இவ்வாண்டு எழுதிவைக்கட்டும். எதை வரையறுப்பது என்பதை அவரவர் மனச்சாட்சி சொல்லும். பிறருக்கு உபதேசமாகச் சொல்லப்படும் வைராக்கியத்தைவிட, தன் வருமானத்தில் தானே போட்டுக்கொண்ட ஒரு கோடு பெரிய சாதனை.