முத்திரையும் மாதிரியும்



2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா கம்பெனி ஒரு தோல் செருப்பை மேடையேற்றியது. பார்த்தால் கோலாப்பூர் செருப்பேதான்! ஊர்ப் பெயரை மட்டும் சொல்லவில்லை. கண்டனம் கிளம்பிய பிறகே ஒப்புக்கொண்டது.

அச்செருப்புக்கு 2019 முதல் புவிசார் குறியீடு உண்டு. போலிப் பெயர் போட்டு விற்பவனுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் பெயரை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் திருடினால்? அங்கே அச்சட்டம் கைகொடுப்பதில்லை.

தாராவியில் தோல் பை தைக்கும் நம்மவர்க்கு இது பாடம். இன்று நீங்கள் தைத்த மாதிரி, நாளை அடுத்த சந்தில் ரெக்சினில் தொங்குகிறது. தனியாளாய்க் கோர்ட் படி ஏற முடியுமா? சங்கமாய்ச் சேர்ந்தால் முடியும். வணிகக் குறிச் சட்டம் கூட்டுக் குறிக்கு இடம் தருகிறது. ஒரே முத்திரையைப் பதிவு செய்வோம். புது மாதிரியைக் கடையில் தொங்கவிடுமுன் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவோம். தொங்கவிட்ட பின் ஓடிப் பயனில்லை.

ஒன்று மறவாதீர்: பிறர் முத்திரையைத் தன் பையில் ஒட்டும் கை, தன் முத்திரைக்கு நியாயம் கேட்டு உயர முடியாது. முதலில் நம் கை சுத்தமாகட்டும்!