பெருத்த படம், சிறுத்த ஒலி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வாசித்தவர்கள் அதன் வரிசையைக் கவனித்திருப்பார்கள். மாதவி ஆடும் மேடைக்குத் திட்டமான அளவு உண்டு: 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஆனால் அந்த அளவுக்கு வருமுன்பே இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை இளங்கோ விரித்துச் சொல்லி முடித்துவிடுகிறார். அந்தப் புகாரின் கரையோரத்து ஊர்களிலும் சரி, சென்னையிலும் சரி, இன்று தொலைக்காட்சி வாங்கப் போகிறவர்கள் கேட்பது எத்தனை இன்ச் என்பதை மட்டுமே. ஒலி எப்படி என்று யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

2006-இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியின் திரை 14 இன்ச்தான். ஆனாலும் படக்குழாயின் தயவால் அந்தப் பெட்டிக்கு ஓர் ஆழம் இருந்தது. ஒலிபெருக்கிக்கு அதில் ஓரளவு இடமும் இருந்தது. இன்றைய தட்டைத் திரைகளில் அந்த இடமில்லை. விரலளவு ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் தரையையோ பின்சுவரையோ பார்த்துப் பேசுகின்றன. கீழ் ஒலிகளை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். அது அவற்றால் ஆகாது. தவிலின் வலந்தலை அவற்றில் ஒருவாறு கேட்கும். கோலால் அடிக்கும் தொப்பி கேட்காது. பாதித் தவில்தான் நமக்குக் கிடைக்கிறது. பூம்புகார் செல்லும் சாலையில் இருக்கும் செம்பனார்கோயிலும், பக்கத்துத் திருவெண்காடும் நாகஸ்வரத்தால் பெயர்பெற்ற ஊர்கள். அந்த மண்ணில் இது சிறிய இழப்பல்ல.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து பல வீடுகளில் பரண்மேல் தூங்குகிறது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ எண்பது, தொண்ணூறுகளில் வந்திறங்கிய ஸ்டீரியோ. இரண்டு மரப்பெட்டிகள், நடுவே ஓர் ஆம்ப்ளிஃபையர். கேசட் போனதும் அதையும் ஓரங்கட்டினோம். கேசட் பகுதி செத்திருக்கலாம். ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் சாகவில்லை.

அதைத் தொலைக்காட்சியோடும் டிஸ்க் பிளேயரோடும் இணைப்பது பெரிய வித்தையல்ல. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளேயரின் சிவப்பு, வெள்ளை ஒலித்துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபையரின் ‘ஆக்ஸ்’ அல்லது ‘சிடி’ துளைகளுக்கு ஒரு ஜோடி வயர் போதும். ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை மட்டும் ஆகாது. அது இசைத்தட்டு முள்ளின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை. ஒலி உடைந்து அலறும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் துளைகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அதைத் துடைத்தாலே பாதிக் கரகரப்பு போய்விடும்.

புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் சிவப்பு, வெள்ளை ஒலித்துளைகள் இல்லை. ஆப்டிகல் துளை இருக்கும். அதற்கும் பழைய ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே ஒரு சிறிய டிஜிட்டல்–அனலாக் கன்வர்ட்டரை வைத்து, தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மௌனமோ இரைச்சலோதான் மிஞ்சும். இந்த வழியில் இன்னொரு லாபம் உண்டு. கேபிள் டிவியின் வயர் வழியாக நுழையும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒளியில் பயணம் செய்யாது.

பலரும் இடறுவது வேறொரு இடத்தில். ஆறு துளைகள் கொண்ட டிவிடி பிளேயரில் முன் இடம், முன் வலம் என்ற இரண்டை மட்டும் இணைத்தால், பின்னணி இசை முழங்கும், பேச்சு முணுமுணுக்கும். பேச்சு பெரும்பாலும் நடுத்தடத்தில் பதிவாகியிருப்பதே காரணம். பிளேயரின் அமைப்பில் ‘2 சேனல்’ என்று மாற்றிவிட்டால் நடுத்தடம் இரண்டு பெட்டிகளுக்கும் பங்காகிவிடும். இதை அறியாமல் ‘பழைய செட்டு சரியில்லை’ என்று தீர்ப்பெழுதி மறுபடி பரணுக்கு அனுப்புகிறோம்.

ஒற்றைத்தட ஒலியில் பதிவானவற்றுக்கு ஸ்டீரியோ எதற்கு என்று கேட்கலாம். ராஜரத்தினம் பிள்ளையின் இசைத்தட்டுகளும், 1964-இன் ‘பூம்புகார்’ படமும், மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் ஒலிக்கும் 1968-இன் ‘தில்லானா மோகனாம்பாள்’ படமும் அத்தகையவைதாம். நியாயமான கேள்வி. இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியைத் தரும்போது, நடுவில் அமர்ந்து கேட்பவருக்கு அது திரையின் மையத்திலிருந்து வருவதாகவே தோன்றும். கவுந்தியடிகளாக வரும் கே.பி. சுந்தராம்பாளின் குரல் அந்த இடத்தில் நிற்கும். பேச்சைத் தெளிவாக்கும் சௌண்ட்பார்களை நான் குறை சொல்லவில்லை. இருப்பதை மறந்துவிட்டு அதைவிடச் சிறிய பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

இதில் சற்று அவசரமும் இருக்கிறது. டிஸ்க் பிளேயர்கள் கடைகளில் அருகிவிட்டன. வீட்டுக் கல்யாணங்களை எழுதிவைத்த டிவிடிகளின் சாயப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்லக் கெடும். இன்று இல்லாத பெரியவர்களின் குரலும், அன்று வாசித்த உள்ளூர் மேளக்காரர்களின் வாசிப்பும் பல குடும்பங்களில் அந்த ஒற்றைத் தகட்டில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. பிரதி எடுத்துவைப்பது முதல் கடமை. ஆனால் எடுத்த பிரதியைக் கைபேசியின் துளையளவு ஒலிபெருக்கியில் கேட்டு, ‘கேட்டாயிற்று’ என்று மூடிவைப்பது சேமிப்பாகாது.

அரங்கேற்று காதையில் வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைகின்றன: குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை. ஒன்று மற்றொன்றுக்குச் செவிகொடுப்பதே அந்தச் சங்கிலி. நம் வீட்டுச் சங்கிலி தகட்டில் தொடங்கி, வயர் வழியாக ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி என்று போய்ச் செவியில் முடிகிறது. அறுந்து கிடப்பது பெரும்பாலும் அந்த வயர் மட்டும்தான்.