செவிசாய்க்கும் உள்ளம்



உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் சிறுவன் ஒருவன், தூய ஆவியாரின் ஏழு கொடைகளையும் தடையின்றிச் சொல்லிவிட்டு, "ஃபாதர், ஞானம், அறிவு என்று ஏன் இரண்டு? இரண்டும் ஒன்றுதானே?" என்றான். நல்ல கேள்வி.

கிபயோனில் ஆண்டவர் கனவில் தோன்றியபோது சாலமோன் நீடிய ஆயுளையோ செல்வத்தையோ கேட்கவில்லை. மக்களுக்கு நீதி வழங்க அவர் வேண்டியதை எபிரேய மூலம் 'செவிசாய்க்கும் உள்ளம்' என்கிறது.

பெற்றோரே, நீங்கள் தரும் மன்றாட்டுத் தாள்களில் பரீட்சையும் பல்கலைக்கழக இடமுமே நிறைந்துள்ளன. அது தவறன்று, நானும் மனமுவந்து செபிக்கின்றேன். ஆயினும், பெற்றோர் தேர்ந்த படிப்பு தமக்கு ஒவ்வாது என்பதை வீட்டில் சொல்ல அஞ்சி, பங்குமனைக் கதவைத் தட்டும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். பிள்ளைக்கு அறிவை வேண்டும் நாம், நமக்கு ஞானத்தை வேண்டினோமா?

அத்தகைய சாலமோனின் உள்ளமே முதுமையில் ஆண்டவரை விட்டு விலகிற்று. அறுபதைக் கடந்த என்னை அச்சுறுத்தும் பகுதி அது. பெற்ற ஞானத்தையும் இழக்கக்கூடும்.

இவ்வாரம் ஒரு மாலை, செபமாலை முடிந்தபின் உங்கள் பிள்ளையைப் பேச விடுங்கள், இடைமறிக்காதீர்கள். வரும் ஞாயிறு மன்றாட்டுத் தாளில் பிள்ளையின் பெயருக்கு மேலே உங்கள் பெயரையும் எழுதித் தாருங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை