பழசுக்கும் நியாயம் உண்டு

“பழைய சாமானுக்கு யார் உத்தரவாதம் தருவார்?” விற்பவர் சொல்ல வேண்டிய இந்த வாதத்தை நாமே அவருக்காகச் சொல்லிப் பழகிவிட்டோம். தேய்மானம் வேறு, ஓடும் என்று சொல்லி ஓடாததை அனுப்புவது வேறு. ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பென்னாகரத்து ஓட்டுநர் ஒருவர், டெல்லி வியாபாரியிடம் இணையத்தில் பழைய டைனமோ ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பேட்டரிக்கு மின்னேற்றவில்லை. டெல்லிக்கா போய் வழக்காடுவது என்று பணத்தைக் கைகழுவிவிடுவார்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எந்த ஊரில் வழக்கு என்பதிலேயே தகராறு எழும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிட வழிவிட்டது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம்.

தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்று வியாபாரி மிரட்டக்கூடும். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரை நுகர்வோராகவே சட்டம் ஏற்கிறது. ரசீதையும், ‘ஓடும்’ என்று விற்பவர் எழுதிய செய்தியையும் மட்டும் அவர் அழித்துவிடலாகாது.